பெயர் எழுதாத சீட்டு

17

இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் ராஜ்மோகன் அந்த மஞ்சள் சீட்டை வைத்ததும் அம்புஜவல்லியின் கை அப்படியே நின்றுவிட்டது. சட்னிக் கரண்டி கிண்ணத்துக்கும் தட்டுக்கும் நடுவில் தொங்கியது.

“இத யாரு எழுதினது?” என்றான்.

குரலில் கோபம் இல்லை. பேப்பர் வந்துடுச்சா என்று கேட்கிற குரல்தான். பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா? அவன் கத்தினால் பத்து நிமிஷத்தில் அடங்கிவிடும். இப்படி மெதுவாகக் கேட்டால்தான் விடமாட்டான்.

எதிரே ராஜ்மோகனின் தங்கை சண்முகப்ரியா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சீட்டை ஒரு தடவை பார்த்தாள். பிறகு இட்லியைப் பார்த்தாள். அதற்கப்புறம் தலை குனிந்தபடியே இருந்தாள்.

சீட்டின் கதை தெரியாதவர்களுக்காக நாலு வரி. ஜங்ஷன் ரோட்டில் பீங்கான் கடைக்கு மேல்மாடியில் ராஜ்மோகன் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறான். வேலை செய்கிறவர்கள் ப்ரியாவையும் சேர்த்து மொத்தம் எட்டுப் பேர். லண்டனில் பதினோரு கிளினிக்குகளுக்கு, எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்று பார்த்துக் கொடுக்கிற சாஃப்ட்வேர் செய்கிறார்கள். அம்புஜவல்லி சென்னையில் பெரிய கம்பெனிகளில் ஆறு டீம்களைப் பழக்கி எடுத்தவள். ‘அந்த வித்தைய நம்ம ஊருப் பசங்களுக்கும் சொல்லிக் குடேன்’ என்று போன வருஷம் அவளைக் கூட்டி வந்தவன் அவன்தான்.

அவளும் ஆசையாகத்தான் வந்தாள். தினமும் காலையில் வட்டமாக நின்று ஆளுக்கு ஒரு நிமிஷம் பேசுவது, வேலையைச் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதிச் சுவரில் ஒட்டுவது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து எது சரி, எது கோணல் என்று மனம் விட்டுப் பேசுவது. ஏஜைல் என்று இதற்குப் பெயர். மாடி ஜன்னல் வழியாகப் பார்த்த பீங்கான் கடைக்காரர்கள், என்ன பிரார்த்தனையா என்று முதலில் சிரித்தார்கள்.

மனம் விட்டுப் பேசு என்றால் யார் பேசுவார்கள்? அதுவும் முதலாளியின் பெண்டாட்டி எதிரில்? அதனால் அம்புஜவல்லி ஒரு வழி செய்தாள். ஆளுக்கு ஒரு மஞ்சள் சீட்டு. பெயர் வேண்டாம். கொட்டை எழுத்தில் எழுதி மடித்து எவர்சில்வர் டப்பாவில் போட வேண்டும். அவள் பிரித்துப் படிப்பாள். யார் எழுதியது என்று யாரும் கேட்கக் கூடாது. முதலாளிக்கு அந்த அறையில் இடமில்லை. இதற்கெல்லாம் ராஜ்மோகன் பெரிதாகத் தலையாட்டியவன்தான்.

நேற்று சாயங்காலம் எட்டுச் சீட்டு வந்தது. ஏழில் வழக்கமான புலம்பல், ஒன்றிரண்டு பாராட்டு. எட்டாவதில் இப்படி இருந்தது: ‘டெஸ்ட் பண்ணாததைப் பண்ணியதாகப் போடச் சொல்கிறார்கள். இது மருந்து விஷயம். பயமாக இருக்கிறது.’

அம்புஜவல்லி அதையும் வாய்விட்டுப் படித்தாள். நாளைக்கு முதல் வேலையாக இதைப் பேசுவோம் என்று சொல்லி, மற்றவற்றோடு அதையும் சுவரில் ஒட்டினாள். அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன். ப்ரியாவின் நிச்சயதார்த்தப் புடவையைப் பார்க்க, திட்டக்குடி பக்கம் மங்களூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிட்டார்களாம். அம்புஜவல்லி நாத்தனாரை இழுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து ஓடினாள்.

சீட்டைச் சுவரிலிருந்து எடுக்க மறந்துபோனாள். கூட்டம் முடிந்தால் முதலில் சீட்டைக் கழற்றுங்கள் என்று ஆறு டீமுக்குப் பாடம் எடுத்தவள், சொந்த ஊரில் பஜ்ஜி போட ஓடினாள். கதவைப் பூட்ட மாடிக்கு வந்த ராஜ்மோகன் நிதானமாக எட்டையும் படித்திருக்கிறான்.

“சொல்ல மாட்டேங்க. அது அந்த ரூமுக்குள்ள பேசினது,” என்றாள் இப்போது.

“சரி, நீ சொல்லாத. எனக்கே தெரியும். நம்ம கம்பெனில டெஸ்டிங் பாக்கறது ரெண்டே பேரு. ஒண்ணு இவ.” தங்கையின் பக்கம் தலையைச் சாய்த்தான். “இன்னொண்ணு வாசுகி. போன சனிக்கிழமை ரெண்டு பேரையும் கூப்ட்டுதான் சொன்னேன். பதினாலு டெஸ்ட்டுல ஒம்போதுதான் முடிஞ்சிருக்குது, மிச்சம் அஞ்சுக்கும் டிக் போட்டுடுங்க, அப்பறமா பாத்துக்கலாம்னு.”

“அப்படிச் சொன்னீங்களா? மருந்து காட்டற ஸ்கிரீனுக்கா?”

“வேற என்னா செய்யச் சொல்ற? திங்கக்கிழமை குடுக்கலன்னா கான்ட்ராக்டு போச்சு. உலகம் பூரா கம்பெனிய இழுத்து மூடிட்டு இருக்கறான். எட்டுப் பேரும் தெருவுல நிக்கட்டுமா?”

பதில் சொல்ல அவளுக்கு ஆயிரம் இருந்தது. சட்னிக் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

“அத விடு. வாசுகிதானே?”

“அவ எழுதினான்னு யாரு சொன்னது?”

“எழுதலன்னு நீ சொல்லு. உன் வாயால சொல்லிடு, நான் விட்டுடறேன்.”

வாசுகி இல்லை என்றால் மிச்சம் இருப்பது ஒரே ஒருத்தி. அந்த ஒருத்தி இதோ, மூன்றாவது இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

எழுதியது ப்ரியாதான். அம்புஜவல்லிக்கு அது டப்பாவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. பஸ் டிக்கெட்டோ மளிகை ரசீதோ, கையில் கிடைக்கிற காகிதத்தையெல்லாம் திருநீற்றுப் பொட்டலம் மாதிரி சின்னதாக மடித்துச் செருகுவது அந்தப் பெண்ணின் பழக்கம். அந்த எட்டாவது சீட்டும் அப்படித்தான் கிடந்தது. சுவரில் விரித்து ஒட்டியதைப் பார்த்த ராஜ்மோகனுக்கு அது எப்படித் தெரியும்?

ப்ரியா இப்போது தலையைத் தூக்கினாள். கண் நிறையத் தண்ணீர். வேண்டாம் அண்ணி என்று அந்தக் கண் கெஞ்சியது.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். அப்பா இல்லாத பெண்ணுக்கு அண்ணன்தான் எல்லாம். கல்யாணத்துக்கு அப்புறமும் பெண் வேலைக்குப் போவாள் என்று மங்களூர்க்காரர்களிடம் ஒற்றைக் காலில் நின்று சம்மதம் வாங்கியவன் இந்த அண்ணன். அவனுடைய கம்பெனியைப் பற்றி அவனுடைய தங்கையே இப்படி எழுதினாள் என்று தெரிந்தால்?

“நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அது ரூலு,” என்றாள் அம்புஜவல்லி.

ரூல்! எவ்வளவு சௌகரியமான வார்த்தை. வீட்டுப் பெண்ணைக் காப்பாற்ற ஊர்ப் பெண்ணை விட்டுக்கொடுக்கிறோம் என்று மனசுக்குள்ளேகூட அவள் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

“அப்ப சரி,” என்று ராஜ்மோகன் சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். “ப்ரியா, சட்னி போட்டுக்கோம்மா. வெறும் இட்லியத் தின்னுக்கிட்டு இருக்கற.”

* * *

ஒன்பதரைக்கு வட்டம் கூடியது. சுவரில் ஏழு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. எட்டாவது இருந்த இடத்தில் டேப்பின் பிசுக்கு மட்டும். வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி நின்றார்கள்.

முதலில் பேசுகிற அன்பரசன் டீமிலேயே மூத்தவன். நேற்று செய்தது, இன்று செய்யப்போவது, தடங்கல் என்று மூன்றையும் கடகடவென்று ஒப்பித்தான். ஒப்பித்துவிட்டு அம்புஜவல்லியின் முகத்தையே பார்த்தான். நாளைக்கு முதல் வேலையாகப் பேசுவோம் என்றாளே, அந்தப் பேச்சுக்காகக் காத்திருக்கிறான்.

“அடுத்தது,” என்றாள்.

அடுத்தது வாசுகி. கம்மாபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம். இருபத்துமூன்று வயது. சுரங்கத்துக்கு நிலம் எடுக்கிற பேச்சு கிளம்பியதிலிருந்து அவள் அப்பா சாமிதுரைக்கு விதைக்கவும் மனசில்லை, விற்கவும் வழியில்லை. அந்த வீட்டில் மாசம் தவறாமல் வருவது வாசுகியின் சம்பளம் ஒன்றுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த வட்டத்தில் நிற்கவே கூசியவள். தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டு பேசுவாள். ‘நிமிந்து பேசு வாசுகி, உன் வேலைய உன்ன விட யாருக்குத் தெரியும்’ என்று பழக்கி நிமிர வைத்தது அம்புஜவல்லிதான். அதில் அவளுக்கு ரொம்பப் பெருமை.

“நேத்து மருந்து ஸ்கிரீன் முடிச்சேன்க்கா. பதினாலும் டன்னு. இன்னிக்கு ரிப்போர்ட்டு பாக்கறேன். தடங்கல் ஒண்ணும் இல்ல.” நிமிர்ந்துதான் சொன்னாள்.

பதினாலும் முடியவில்லை என்று அம்புஜவல்லிக்கு இப்போது தெரியும். அந்த வட்டத்தில் இன்னொருத்திக்கும் தெரியும். ப்ரியா துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள். கேட்க வேண்டிய இடம் அது. ‘நிஜமாவா வாசுகி?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும்.

“நல்லது. அடுத்தது,” என்றாள் அம்புஜவல்லி.

வட்டம் கலைந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை. ராஜ்மோகன் தன் அறைக் கதவைத் திறந்து, “வாசுகி, கொஞ்சம் வந்துட்டுப் போம்மா,” என்றான். ‘அம்மா’ போட்டுக் கூப்பிட்டான்.

கதவு சாத்தியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் கை ஆடுவது தெரிந்தது. அம்புஜவல்லி தன் மேஜையில் உட்கார்ந்து, படித்த மெயிலையே திரும்பப் படித்தாள். எழுந்து போய்க் கதவைத் தட்ட எத்தனை அடி? பத்து அடி இருக்குமா? எழுந்திருக்கவில்லை. சும்மா திட்டிவிட்டு அனுப்பிவிடுவான் என்று தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டாள்.

வாசுகி வெளியே வந்தாள். அழவில்லை. தன் இடத்துக்குப் போய் டிஃபன் பையை எடுத்தாள். இழுப்பறையில் இருந்த சீப்பு, ஸ்டிக்கர் பொட்டு, ஒரு நோட்டு, எல்லாவற்றையும் ஒரு துணிக்கடைப் பைக்குள் போட ஆரம்பித்தாள்.

“என்னாச்சு வாசுகி?” என்றான் அன்பரசன்.

“நாளையிலேர்ந்து வர வேணாமாண்ணா. நான் டீமோட ஒத்துப்போவலயாம்.”

டீம். அம்புஜவல்லி இந்த ஊருக்குக் கொண்டுவந்து கொடுத்த வார்த்தை. அதை வைத்தே அந்தப் பெண்ணின் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கிறான்.

* * *

ப்ரியாவை மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள் அம்புஜவல்லி. பத்தரை மணி வெயிலுக்கே தரை கொதித்தது. கீழே ஒரு மினி லாரியில் வாஷ்பேசின்களை வைக்கோல் சுற்றி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“போய் உங்க அண்ணன்கிட்ட சொல்லு ப்ரியா. இப்பவே.”

“என்னா சொல்லணும் அண்ணி?”

“நீதான் எழுதினேன்னு.”

ப்ரியா சட்டென்று திரும்பினாள். காலையில் கெஞ்சிய கண் இப்போது வேறு மாதிரி இருந்தது.

“யாரு எழுதினதுன்னு யாரும் கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. இப்ப நீங்களே கேக்கறீங்க?”

“அந்தப் பொண்ணு வேலை போயிடுச்சுடி!”

“காலையில உங்க எதிர்லதானே அண்ணன் கேட்டுச்சு. அவ இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நீங்க ஏன் சொல்லல?”

உனக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் தன் காதுக்கே அது கேவலமாக இருக்கும் என்று தோன்றியது. மென்று முழுங்கினாள்.

“பயமா இருந்துச்சு அண்ணி,” ப்ரியாவின் குரல் இறங்கியது. “மருந்து சமாச்சாரம், யாருக்காவது எதாவது ஆயிடுமோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. உங்ககிட்ட நேர்ல சொன்னா நீங்க அண்ணன்கிட்ட சொல்லிடுவீங்க. டப்பால போட்டா நீங்களே எதாவது பண்ணுவீங்கன்னு நெனச்சேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்குங்க. நிச்சயம் முடியட்டும். நானே அண்ணன் கால்ல விழுந்து சொல்லி அவள திரும்பக் கூப்ட வைக்கறேன்.”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் அவ வூட்டுல என்னான்னு சொல்லுவா?”

ப்ரியா வெயில் தாங்காமல் இறங்கிப் போனாள்.

அம்புஜவல்லியும் இறங்கி, யாரையும் பார்க்காமல், கதவைத் தட்டாமல், ராஜ்மோகனின் அறைக்குள் போனாள்.

“அந்தச் சீட்ட வாசுகி எழுதல.”

“அப்டியா? காலையில சொல்லலயே?”

“இப்ப சொல்றேன்.”

“அப்ப யாரு எழுதினது?”

இத்தனை நாள் காப்பாற்றி வந்த ரூலை உடைக்கப்போகிறோம் என்று தெரிந்தேதான் உடைத்தாள். “ப்ரியா.”

ராஜ்மோகன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. எழுந்து கதவைத் திறந்து தங்கையைக் கூப்பிட்டான்.

“ப்ரியா, உங்க அண்ணி ஒண்ணு சொல்றா. அந்தச் சீட்டு நீ எழுதினதாம்மா?”

ப்ரியா அண்ணியைப் பார்த்தாள். அரை விநாடிதான். ஞாயிற்றுக்கிழமை, மங்களூர்க்காரர்கள், புடவை, பந்தல் எல்லாம் அந்த அரை விநாடிக்குள் வந்து போயிருக்க வேண்டும்.

“இல்லண்ணா. நான் ஏன் எழுதப்போறேன்?”

“சரி, போய் வேலையப் பாரு.”

கதவைச் சாத்தினான். இப்போதுதான் அவன் முகம் மாறியது.

“நாளன்னிக்கு நிச்சயத்த வச்சிக்கிட்டு அப்பா இல்லாத பொண்ணு தலையில பழியக் கட்டப் பாக்கறியே, உனக்கு மனசு வருதா? யாரோ ஒருத்திக்காக? எங்கம்மா காதுல இது விழுந்தா என்னா ஆவும்னு யோசிச்சியா?”

“அவ பொய் சொல்றா.”

“அப்ப காலையில நீ சொன்னது? ரூலு, ரூலுன்னியே? உன் ரூலு உனக்கு வேண்டியப்ப ஒண்ணு, வேண்டாதப்ப ஒண்ணா?”

இந்த ஒரு கேள்வியில் அவன் சொன்னது சரிதான். அதுதான் அம்புஜவல்லிக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. காலையில் சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். நேரம் கடந்து வந்த உண்மையை யார் நம்புவார்கள்? ரூலும் போயிற்று, நாத்தனாரும் போனாள்.

“வாசுகி பாக்கி வச்ச வேலைய ப்ரியா பாத்துக்குவா,” என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். “பெருசா ஒண்ணும் இல்ல. டிக்கெல்லாம் போட்டாச்சு.”

* * *

வாசுகியைப் பாலக்கரை ஸ்டாப்பில்தான் பிடிக்க முடிந்தது. டிஃபன் பை தோளில், துணிக்கடைப் பை கையில். கம்மாபுரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். பதினொன்றரை மணிப் பஸ்ஸில் இதற்கு முன் அவளை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

“குடு, நான் வச்சிக்கறேன்,” என்று அம்புஜவல்லி அந்தப் பையை வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

“சார் கையில ஒரு மஞ்சச் சீட்டு இருந்துச்சுக்கா. இதுதான் உன் நன்றியான்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணுமே வெளங்கல.” வாசுகி ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “நான் அத எழுதலக்கா. சத்தியமா. நான் என்னா எழுதினேன் தெரியுமா? ‘எங்கள் டீம் நல்ல டீம்’னு எழுதினேன்.”

அம்புஜவல்லிக்கு அந்தச் சீட்டு ஞாபகம் வந்தது. அதைப் படித்துச் சிரிக்கக்கூடச் செய்திருந்தாள்.

“சார் டிக் போடச் சொன்னாரு, போட்டேன். வேலை முக்கியம்ல எனக்கு. போட்டதுதான் தப்புன்னா அதுக்குத் திட்டலாம். எழுதாததுக்கு அனுப்பிட்டாரு.” மூக்கை உறிஞ்சினாள். “அந்த அஞ்சையும் யாரும் ஓட்டிப் பாக்கலக்கா. ஒத்துக்காத மருந்தக் குடுத்தா எச்சரிக்கை வருதான்னு பாக்கறது அதுலதான் இருக்குது. திங்கக்கிழமை அப்டியே போயிடப்போவுது. நீங்களாவது பாத்துக்குங்க.”

வேலை போன பெண் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். லண்டன்காரர்களின் போன் நம்பர் அம்புஜவல்லியின் செல்லில் இருந்தது. அழுத்தினால் கம்பெனி போகும், கம்பெனியோடு ஞாயிற்றுக்கிழமையும் போகும், அவளுடைய குடித்தனமும் மிஞ்சுமோ மிஞ்சாதோ. அழுத்தாவிட்டால் முகம் தெரியாத யாரோ ஒருவர் திங்கட்கிழமைக்கு அப்புறம் ஒரு மாத்திரையை வாயில் போடுவார்.

தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது.

“ஒண்ணு கேக்கட்டுமாக்கா?” என்றாள் வாசுகி. “அத யாரு எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் தெரிந்தது என்றால் அந்தப் பெண் நம்பியிருப்பாள். காலையிலிருந்து விழுங்கிய வார்த்தைகள் போதும் என்று ஆகிவிட்டது அம்புஜவல்லிக்கு.

“நேத்து சாயங்காலத்துலேர்ந்து.”

வாசுகி மெல்லத் தலையாட்டினாள். “சார் என்னைக் கூப்ட்டப்ப நீங்க உங்க எடத்துலதான் இருந்தீங்க,” என்றாள். கேள்வி மாதிரி இல்லை. தனக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது.

பஸ் வந்து நின்றது. அம்புஜவல்லியின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு படியில் ஏறினாள். இந்த ஒரு வருஷத்தில் ஒரு நாள் தவறாமல் ‘போயிட்டு வரேன்க்கா’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

“போறேன்க்கா.”